காலுக்குக் கீழே ஓர் ஆடிட்

பூமியின் மேல் நமக்கிருக்கும் நம்பிக்கை, பேங்க்கின் மேல் இருக்கும் நம்பிக்கை மாதிரி. போட்ட பணம் உள்ளே அப்படியே இருக்கிறதா என்று யாரும் லாக்கர் ரூமில் எட்டிப் பார்ப்பதில்லை. கவுண்ட்டரில் ஆள் இருக்கிறார், ஃபேன் சுற்றுகிறது, போதும். ரோடும் அப்படித்தான். மேலே தார் தெரிகிறது. கீழேயும் ஏதாவது இருக்கும் என்று நடக்கிறோம்.

பல்லடத்தில் எந்த பேக்கரி வாசலிலும் நிற்கிற பத்துப் பேரைக் கேட்டுப் பாருங்கள். (எங்கள் பக்கம் டீக்கடைக்கு பேக்கரி என்று பெயர். பன்னே இல்லாத பேக்கரிகூட உண்டு.) கறிக்கோழி விலை, நூல் விலை, மாமனார் சொன்ன சீர் எல்லாவற்றின் மேலும் சந்தேகம் இருக்கும். நிற்கிற தரை மேல் மட்டும் யாருக்கும் சந்தேகம் இருக்காது.

2024 ஆகஸ்ட் 23-ம் தேதி காலை, கோலாலம்பூரில் மஸ்ஜித் இந்தியா வீதியில் அந்த நம்பிக்கையோடுதான் ஜனங்கள் நடந்துகொண்டிருந்தார்கள். புடவைக் கடை, பூக்கடை, சாப்பாட்டுக் கடை என்று பாதித் தமிழ்நாடு மாதிரி இருக்கும் வீதி. ஆந்திராவிலிருந்து வந்திருந்த ஒரு பெண்மணி நடைபாதையில் போகிறார். திடீரென்று நடைபாதை இல்லை. சுமார் 8 மீட்டர் ஆழத்துக்குக் குழி. கீழே ஓடுவது பாதாளச் சாக்கடை. ஒன்பது நாள் தேடினார்கள். ஆட்கள் உள்ளே இறங்கினார்கள், கேமரா இறங்கியது, குழாய் குழாயாக நீரைப் பீய்ச்சிப் பார்த்தார்கள். கிடைத்தது ஒரு ஜோடி செருப்பு. நடுவில் 28-ம் தேதி, சுமார் 50 மீட்டர் தள்ளி இன்னொரு குழி விழுந்தது. 31-ம் தேதி தேடுதலை நிறுத்திக்கொண்டார்கள்.

என்னோடு பி.காம். படித்தவன் ஒருவன் அந்த வட்டாரத்தில்தான் ஒரு சாப்பாட்டுக் கடையில் கணக்கு எழுதுகிறான். போன் செய்தேன்.

"மாப்ளே, இப்பெல்லாம் கீழ பார்த்துத்தான்டா நடக்கறேன். பார்த்து என்ன பண்றது? தார்தான் தெரியுது."

"கவர்மென்ட்டுல என்ன பண்றாங்க?"

"அதையேன் கேக்கறே! நாலு பேரு புல்லு வெட்டற மிஷின் மாதிரி ஒண்ணைத் தள்ளிட்டுப் போறாங்க. புல்லே இல்லாத ரோட்டுல. கேட்டா ரேடாருங்கறாங்க. ரேடாரு ஆகாசத்துலதானடா ஏரோப்ளேனைப் பார்க்கும்? இது எதுக்குக் கீழ பார்க்குது?"

நல்ல கேள்வி. நானும் அவனும் காஸ்ட் அக்கவுண்டன்ஸி பேப்பரை ஒன்றாகச் சேர்ந்து எதிர்கொண்டவர்கள். எங்களுக்குப் புரிந்தால் யாருக்கும் புரியும் என்பதால் கொஞ்சம் தோண்டிப் பார்த்தேன்.

* * *

சின்ன வயதில் தோட்டத்துக் கிணற்றில் கல்லைப் போட்டு, 'தொபுக்' என்று சத்தம் வரும்வரை ஒண்ணு, ரெண்டு, மூணு எண்ணியிருப்பீர்கள். சத்தம் லேட்டாக வந்தால் தண்ணீர் கீழே போய்விட்டது என்று அர்த்தம். தரைக்குள் பார்க்கும் ரேடார் செய்வதும் இதுவேதான். கல்லுக்குப் பதில் ரேடியோ அலை. எண்ணுவது மட்டும் நம்மால் ஆகாது.

ஒரு நானோ செகண்ட் என்பது ஒரு செகண்டில் 100 கோடியில் ஒரு பங்கு. அந்த நேரத்துக்குள் ரேடியோ அலை காற்றில் 30 சென்டிமீட்டர் போய்விடும். அதாவது ஒரு ஸ்கூல் ஸ்கேல் நீளம். சுண்ணாம்புப் பாறைக்குள் அதே அலைக்கு நடை தளர்ந்துவிடுகிறது. நானோ செகண்டுக்குப் பத்துப் பன்னிரண்டு சென்டிமீட்டர்தான். தண்ணீருக்குள் இன்னும் மோசம், மூன்று சென்டிமீட்டர் சொச்சம். 10 மீட்டர் ஆழத்தில் ஒரு குகையின் கூரை இருந்தால், அலை போய் முட்டித் திரும்பி வர சுமார் 200 நானோ செகண்ட். மிஷினில் இருக்கும் கடிகாரம் இதை எண்ணி எழுதிக்கொள்கிறது.

முட்டித் திரும்புகிறது என்றேன். எதில் முட்டும்? இங்கேதான் சூட்சுமம். ரேடார் பொருளைப் பார்ப்பதில்லை, வித்தியாசத்தைப் பார்க்கிறது. ஒரே மாதிரிப் பாறை கிலோமீட்டர் கணக்கில் இருந்தாலும் அலை பேசாமல் உள்ளே போய்க்கொண்டேயிருக்கும். பாறை முடிந்து காற்று ஆரம்பிக்கும் இடத்தில், பாறை முடிந்து தண்ணீர் ஆரம்பிக்கும் இடத்தில், ஒரு பங்கு அலை திரும்பி வரும். மின்சார குணத்தில் காற்றுக்கு மார்க் 1. சுண்ணாம்புப் பாறைக்குச் சுமாராக 6-லிருந்து 8. தண்ணீருக்கு 80. மார்க் வித்தியாசம் எவ்வளவு அதிகமோ, எதிரொலியும் அவ்வளவு பலம்.

சுருங்கச் சொன்னால் ரேடார் ஓர் ஆடிட்டர். அவர் உங்கள் கம்பெனியின் சொத்தை ரசிக்க வருவதில்லை. எந்த வரியில் கணக்கு இடிக்கிறது என்று பார்க்கத்தான் வருகிறார்.

இதில் ஒரு பேரமும் உண்டு. அலைவரிசையைக் குறைத்தால் ஆழமாகப் போகும், ஆனால் படம் மொத்தையாக இருக்கும். கூட்டினால் படம் பளிச், ஆனால் ஆழம் போகாது. ரோட்டுக்கடியில் குழாய் தேடுகிறவர்கள் 400 மெகாஹெர்ட்ஸ், அதற்கும் மேலே என்று எடுத்துக்கொள்வார்கள். குகை தேடுகிறவர்கள் 100 மெகாஹெர்ட்ஸ், அதற்கும் கீழே. 100 மெகாஹெர்ட்ஸ் என்றால் ஏதோ என்று மிரள வேண்டாம். உங்கள் எஃப்.எம். ரேடியோவில் பாட்டு வருகிற அதே இடம்தான். அந்த அலையின் நீளம் பாறைக்குள் சுமார் 1 மீட்டர். அதனால் கால் மீட்டருக்குச் சின்னதாக இருக்கும் எதையும் அது கண்டுகொள்ளாது. நல்ல காய்ந்த சுண்ணாம்புப் பாறையாக இருந்தால் 20, 30 மீட்டர் வரை எட்டிப் பார்க்கும்.

வருகிற படத்தைப் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். குகை குகை மாதிரி இருக்காது. கவிழ்த்து வைத்த குடை மாதிரி ஒரு வளைவு இருக்கும். ஏன் குடை? வண்டி இன்னும் தூரத்தில் வரும்போதே அலை சாய்வாகப் போய் அந்தப் பொருளைத் தொட்டுவிடுகிறது. சாய்வுத் தூரம் அதிகம், ஆகவே ஆழமாக இருப்பது போலத் தெரியும். நேர் மேலே வரும்போது தூரம் குறைவு. தாண்டிப் போனால் மறுபடி அதிகம். கோட்டைச் சேர்த்தால் குடை. குழாயும் குடை, உருண்டைப் பாறையும் குடை, குகை விளிம்பும் குடை. எந்தக் குடைக்குள் யார் நிற்கிறார்கள் என்று சொல்லத்தான் வருஷக்கணக்கில் அனுபவம் வேண்டியிருக்கிறது.

* * *

சரி, கோலாலம்பூரில் ஏன் குகைக் கவலை?

பத்துமலைக்குப் போனவர்களுக்குத் தெரியும். போகாதவர்கள் தைப்பூசத்தன்று டி.வி.யிலாவது பார்த்திருப்பீர்கள். முருகன் குடியிருக்கும் அந்த மலை முழுக்கச் சுண்ணாம்புப் பாறை. மேலே குகை இருக்கிறது, படியேறிப் போய்க் கும்பிட்டுவிட்டு வருகிறோம். அதே ஜாதிப் பாறைதான் கோலாலம்பூரின் பல பகுதிகளுக்கு அடியில் மண் மூடிக் கிடக்கிறது. அங்கேயும் குகைகள் உண்டு. படிக்கட்டுதான் இல்லை.

பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரத்தைக் கட்ட ஆரம்பித்தபோதே இந்தச் சங்கடம் வந்தது. தோண்டிப் பார்த்தால் கோபுரத்தின் ஒரு பக்கத்துக்குக் கீழே பாறை மேலேயே இருக்கிறது, இன்னொரு பக்கம் கிடுகிடுவென்று கீழே போகிறது, போதாததற்குப் பொந்துகள். கட்டடத்தையே சுமார் 60 மீட்டர் நகர்த்தி, 114 மீட்டர் ஆழம் வரைக்கும் தூண்களை இறக்கினார்கள். நாம் போட்டோ எடுத்துக்கொள்வது மேலே இருப்பதை. இன்ஜினீயர்களின் தூக்கம் போனது கீழே இருப்பதில்.

சுண்ணாம்புப் பாறையில் மட்டும் ஏன் இந்தப் பொந்து? மழைத் தண்ணீர் காற்றிலும் மண்ணிலும் இருக்கும் கார்பன் டை ஆக்ஸைடை வாங்கிக்கொண்டு லேசான அமிலமாகிவிடுகிறது. அதாவது கோலி சோடாவின் ஏழைத் தம்பி. அது பாறை விரிசலில் இறங்கி, பாறையைத் துளித்துளியாகக் கரைத்துக்கொண்டு போகிறது. நமக்கு ஒரு மாத சம்பளம் கரைய பத்து நாள். பாறைக்குப் பல ஆயிரம் வருஷம், லட்சம் வருஷம். வித்தியாசம் அவ்வளவுதான். கர்னூல் பக்கம் பேலம் குகைகள் 3 கிலோமீட்டருக்கு மேல் நீளம். 1884-ல் ராபர்ட் புரூஸ் ஃபுட் என்ற வெள்ளைக்காரப் புவியியல்காரர் அதைப் பதிவு செய்தார். அதுவும் இப்படி தண்ணீர் செதுக்கிய மாளிகைதான்.

மாளிகை என்றால் ஒரு நாள் கூரை விழும். இதுதான் இன்றைய விஷயத்தின் மையம். விழுந்த குகை.

பல்லடத்தைச் சுற்றி கல்குவாரிகளுக்குப் பஞ்சமில்லை. அங்கே கேட்டால் சொல்வார்கள்: பாறையாக இருந்தபோது அடைத்த இடத்தைவிட உடைத்த கல் அடைக்கும் இடம் அதிகம். நடுவில் சந்து பொந்து விழுகிறதே! குகையிலும் அதே கணக்கு. கூரையிலிருந்து பலகை பலகையாகக் கல் விழும். விழுந்தது குவியும். குவியல் கூரையைத் தொட்டதும் அதற்கு மேல் விழ இடமில்லை, நின்றுவிடும். மேலே உள்ள பாறை மட்டும் விரிசலும் வளைசலுமாகத் தொங்கிக்கொண்டிருக்கும். வெளியே பார்க்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது. மேலே பாறை மெல்லிசாக இருந்து, மண் மட்டும் மூடியிருந்தால்? மண் அந்தச் சந்துகளுக்குள் மெல்ல மெல்ல வடிந்துபோகும். தரைக்குக் கீழே மண்ணாலான வளைவு ஒன்று, தாங்க ஆளில்லாமல் நிற்கும். ஒரு நாள் நிற்காது.

* * *

இந்த விழுந்த குகைகளை ரேடார் வைத்து ஒழுங்காகப் படம் பிடித்த கதை ஒன்று அமெரிக்காவில் நடந்தது. டெக்ஸாஸ் மாகாணத்தில் மார்பிள் ஃபால்ஸ் என்ற ஊர்ப் பக்கம் ஒரு கல்குவாரி. அங்கே இருக்கும் பாறைக்கு எல்லன்பர்கர் என்று பெயர். வயது சுமார் 48 கோடி வருஷம். அந்தக் காலத்திலேயே அதில் குகைகள் உண்டாகி, விழுந்து, மூடி, மேலே வேறு பாறைகள் படிந்து எல்லாம் முடிந்துவிட்டது. டைனோசருக்கே தெரியாத பழைய கதை. ஜார்ஜ் மெக்மெக்கன், ராபர்ட் லௌக்ஸ் என்ற இருவரும் அவர்களுடைய சகாக்களும் அந்தக் குவாரியில் ரேடாரை இழுத்துக்கொண்டு நடந்து, 1998-ல் முடிவுகளை வெளியிட்டார்கள்.

செத்துப்போன குகைக்கு எதற்கு எக்ஸ்ரே? பெட்ரோலுக்காக. இதே பாறை மேற்கு டெக்ஸாஸில் கிலோமீட்டர் ஆழத்தில் புதைந்து கிடக்கிறது. அங்கே உடைந்த குகைகளின் சந்து பொந்துகளில் எண்ணெயும் வாயுவும் தேங்கி நிற்கின்றன. அவ்வளவு ஆழத்தில் யாரும் போய்ப் பார்க்க முடியாது. அதனால் அதன் அண்ணன் தம்பி தரைக்குப் பக்கத்தில் எங்கே கிடைப்பான் என்று தேடி, அவனைப் பரிசோதித்தார்கள்.

குவாரியைத் தேர்ந்தெடுத்ததில் ஒரு புத்திசாலித்தனம் இருக்கிறது. குவாரிச் சுவரில் பாறையின் வெட்டுமுகம் கண்ணுக்குத் தெரியும். துளை போட்டு உருளை உருளையாகப் பாறையை எடுத்தும் பார்க்கலாம். ரேடார் என்ன சொல்கிறது, சுவர் என்ன சொல்கிறது, துளையில் வந்த கல் என்ன சொல்கிறது என்று மூன்றையும் ஒப்பிடலாம். நாம் மாசக் கடைசியில் பாஸ் புக்கையும் கேஷ் புக்கையும் வைத்துக்கொண்டு போடுகிறோமே பேங்க் ரிகன்சிலியேஷன், அதே சமாசாரம்.

கணக்கு டேலி ஆனதும் கிடைத்த விடை எளிமையானது. குலையாத பாறையில் ரேடார் கோடுகள் நோட்டுப் புத்தகக் கோடு மாதிரி தொடர்ச்சியாக ஓடும். குகைக்கு மேல் தொங்கிக்கொண்டிருக்கும் பாறையில் கோடுகள் வளைந்து, அங்கங்கே அறுந்து தெரியும். கூரை விழுந்து குவிந்த இடத்தில் கோடே இருக்காது. ஒரே கூச்சல். கிறுக்கல். சாதாரணமாக நாம் ஒரு படத்தில் ஏதாவது தெரிகிறதா என்று தேடுவோம். இங்கே ஒழுங்கு எங்கே காணாமல் போகிறது என்று தேட வேண்டும்.

இன்னொரு விஷயமும் தெரிந்தது. ஒரு குகை விழுந்தால் அது தனியாக விழுவதில்லை. பக்கத்துக் குகையின் இடிபாட்டோடு கை கோத்துக்கொள்கிறது. பல தனிக் குகைகளின் இடிபாடுகள் சேர்ந்து, எந்த ஒரு குகையையும்விடப் பெரிய ஒரே சிதிலமாகிவிடுகிறது. கூட்டுக் குடும்பச் சொத்து மாதிரி. எங்கே யார் பங்கு ஆரம்பிக்கிறது என்று கண்டுபிடிக்க முடியாது.

* * *

இவ்வளவு கெட்டிக்கார மிஷின் இருக்கும்போது ஏன் இன்னமும் ஆட்கள் குழியில் விழுகிறார்கள்?

டெக்ஸாஸ் குவாரியில் பாறை வெளியே காய்ந்து கிடந்தது. ஊர்களில் அப்படி இருக்காது. சுண்ணாம்புப் பாறை கரைந்தபின் மிஞ்சுவது களிமண். ஈரக் களிமண் ரேடார் அலையை ஸ்பாஞ்ச் தண்ணீரைக் குடிப்பது போலக் குடித்துவிடும். ஒன்றிரண்டு மீட்டர் போவதற்குள் அலைக்கு மூச்சு வாங்கும். மழைக்குப் பெயர் போன ஊரில், தார், ஜல்லி, குழாய், கேபிள், ஈரமண் எல்லாவற்றையும் தாண்டித்தான் அது கீழே பார்க்க வேண்டும்.

உப்புத் தண்ணீர் என்றால் கதையே முடிந்தது. யாழ்ப்பாணத்தில் புத்தூர்ப் பக்கம் நிலாவரைக் கிணறு இருக்கிறது. ராமர் தம் சேனையின் தாகத்துக்காக அம்பு விட்டு உண்டாக்கியது என்பார்கள். அதில் எலுமிச்சம்பழத்தைப் போட்டால் கீரிமலைக் கேணியில் வந்து மிதக்கும் என்றும் சொல்வார்கள். அந்தக் கிணறு, சுண்ணாம்புப் பாறைக் குகையின் கூரை விழுந்து உண்டான பள்ளம். மேலே நல்ல தண்ணீர், ஆழத்தில் உப்பு. ரேடார் அந்த உப்பின் வாசல் வரை போய்விட்டு, செருப்பைக்கூடக் கழற்றாமல் திரும்பிவிடும். அங்கே எலுமிச்சம்பழம்தான் பெட்டர்.

ரேடாருக்கு ஆளைத் தெரியாது என்பதும் முக்கியம். 2025 பிப்ரவரி 22-ல் தெலங்கானாவில் எஸ்.எல்.பி.சி. சுரங்கத்தின் கூரை விழுந்து 8 பேர் உள்ளே சிக்கிக்கொண்டார்கள். ஹைதராபாத் தேசிய புவி இயற்பியல் ஆராய்ச்சி நிறுவனத்துக்காரர்கள் ரேடாரோடு போனார்கள். சேறு, தண்ணீர், நசுங்கிய ராட்சச மிஷினின் இரும்பு எல்லாம் கலந்த குவியல். வித்தியாசம் தெரிந்த இடங்களைக் குறித்துக் கொடுத்தார்கள். தோண்டினால் இரும்பு வந்தது. இரும்பும் வித்தியாசம்தானே? ரேடார் பொய் சொல்லவில்லை. கேட்ட கேள்விக்கு அதனிடம் பதில் இல்லை. கடைசியில் கேரளா போலீஸின் மோப்ப நாய்கள் வந்து காட்டிய பகுதியில், மார்ச் 9-ம் தேதி முதல் உடல் கிடைத்தது. கோடி ரூபாய் விஞ்ஞானமும் ஒரு நாயின் மூக்கும் அந்தச் சுரங்கத்தில் ஒன்றாக வேலை பார்த்தன. இரண்டுமே தேவைப்பட்டது.

* * *

நம்ம ஊர்ப் பாறை கெட்டியான பாறை. தண்ணீரில் கரையாது. மதுக்கரையில் சுண்ணாம்புக்கல் இருக்கிறது, அது சிமென்ட்டுக்குப் போனது. ஆகவே பல்லடத்துக்காரர்கள் குகைக் கவலையில்லாமல் தூங்கலாம். ஆனால் ரேடார் ஆசாமிகள் விடுவதில்லை.

சென்ற கோடையில் என் பெரியப்பா தோட்டத்துக்கு ஒருவர் வந்தார். கையில் சூட்கேஸ். சூட்கேஸில் ஸ்க்ரீன், இரண்டு ஆண்டெனா, நிறைய சிவப்பு விளக்கு.

"ஏனுங்கய்யா, இது ஜெர்மன் ரேடாருங்க. ஆயிரத்து இருநூறு அடியில தண்ணி எத்தனை இஞ்சு ஓடுதுன்னு காட்டிப்போடும். எட்டாயிரம்தானுங்க. போர் ஓட்டறவனுக்கு லட்சக்கணக்குல குடுக்கறீங்க, இதுக்குப் பார்க்கறீங்களே!"

பெரியப்பா என்னைப் பார்த்தார். நான் அவரிடம் கேட்டேன்: "எத்தனை மெகாஹெர்ட்ஸுங்க?"

"அதெல்லாம் கம்பெனி செட்டிங்குங்க தம்பி. நாம கைவெக்கப்படாது."

"ஈரமண்ணுல எவ்வளவு ஆழம் போகுமுங்க?"

"ஈரமா? ஈரத்தைக் கண்டுபிடிக்கத்தானுங்க மிஷினே!"

பெரியப்பாவுக்கு மெகாஹெர்ட்ஸ் தெரியாது. ஆளைத் தெரியும். "இங்க பாருங்க. தேங்காயை உள்ளங்கையில வெச்சுப் பார்க்கற ஆளு வந்தா, பார்த்து முடிச்சுத் தேங்காயவாவது குடுத்துட்டுப் போவான். சட்னிக்காகும். உங்க பொட்டியில எனக்கு என்ன மிஞ்சும்?" என்றார். மோர் கொடுத்து அனுப்பிவிட்டோம்.

விஷயம் தெரிந்துகொள்ளுங்கள். தரை ஊடுருவும் ரேடார் ஆயிரம் அடியில் தண்ணீர் பார்க்காது. மண்ணிலும் நம் ஊர்ப் பாறையிலும் அவ்வளவு ஆழம் போகிற அலை இல்லை. தண்ணீர் பார்க்க வேறு முறை இருக்கிறது. தரையில் கம்பிகளை அடித்து மின்சாரம் செலுத்தி, பாறையின் மின்தடையை அளப்பார்கள். வேளாண்மைப் பொறியியல் துறையில் கேட்டால் வந்து செய்து கொடுப்பார்கள். அதுவும் ஜோசியம் போலச் 'சரியாக இந்த இடம்' என்று சத்தியம் செய்யாது. விரிசல் இருக்க வாய்ப்புள்ள இடத்தைச் சொல்லும். திருச்செங்கோட்டு ரிக் வண்டிக்கு அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் அதைச் செய்தால் லாபம்.

போர்வெல்லுக்கும் குழிக்கும் ஒரு சம்பந்தம் உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2015 கடைசியில், பெருமழைக்குப் பிறகு, கடப்பா மாவட்டத்தில் சிந்தகொம்மதின்னெ பக்கத்துக் கிராமத்து நிலங்களில் திடீர் திடீரென்று பள்ளங்கள் விழுந்தன. புவியியல் துறையினர் போய்ப் பார்த்தார்கள். அங்கே கீழே சுண்ணாம்புப் பாறை. இம்மாதிரி இடங்களில் நிலத்தடி நீர், மண் வளைவுக்கு அடியிலிருந்து ஒரு தாங்கல் கொடுத்துக்கொண்டிருக்கும். உறிஞ்சி உறிஞ்சி நீர்மட்டம் இறங்கினால் தாங்கல் போய்விடும். அப்புறம் ஒரு பெருமழை வந்து மேல் மண்ணைக் கனமாக்கினால் போதும். வறட்சியில் போட்ட கடனுக்கு மழை வந்து வட்டி வசூலிக்கிற மாதிரி.

* * *

குகையே இல்லாத ஊரிலும் ரோடு விழலாம். கசியும் குடிநீர்க் குழாயும் விரிசல் விட்ட சாக்கடையும் மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக அரித்து, ஆறு மாசத்தில் ஒரு குட்டிக் குகையைத் தயாரித்துவிடும். சென்னை அண்ணா சாலையில் 2017 ஏப்ரல் 9-ம் தேதி, மெட்ரோ சுரங்கம் தோண்டிய இடத்துக்கு மேலே ரோடு உள்வாங்கி, ஒரு மாநகரப் பேருந்தும் ஒரு காரும் உள்ளே இறங்கின. ஞாயிற்றுக்கிழமை. உயிர்ச்சேதம் இல்லை. திங்கட்கிழமை ஆபீஸ் நேரமாக இருந்திருந்தால் என்று யோசிக்கப் பயமாக இருக்கிறது.

இங்கேதான் ரேடாருக்கு உண்மையான வேலை. ரோட்டுக்கடியில் ஒன்றிரண்டு மீட்டருக்குள் இருக்கும் வெற்றிடத்தைப் பார்ப்பது அதற்குக் கைவந்த கலை. ஜப்பானில் வண்டியில் ரேடாரைக் கட்டிக்கொண்டு, போக்குவரத்தோடு போக்குவரத்தாக ஓடியே ரோட்டின் அடிவயிற்றைப் பார்த்துவிடுகிறார்கள். போன வருஷப் படத்தையும் இந்த வருஷப் படத்தையும் பக்கத்தில் வைத்தால், புதிதாக எங்கே கோடு அறுந்திருக்கிறது என்று தெரியும். இதை இன்டர்னல் ஆடிட் என்போம். குழி விழுந்தபின் தள்ளிக்கொண்டு போவது லிக்விடேட்டர் வேலை. சொத்து போனபிறகு கணக்கு எடுப்பது.

ரேடார் நம் தெருவுக்கு வர நாளாகும். அதுவரை நம்மிடம் இருக்கும் கருவி கண்தான். ரோட்டில் நேற்று இல்லாத ஒரு பள்ளம், வட்டமாக விரிசல், மழையில்லாத நாளில் ஒரே இடத்தில் ஊறும் தண்ணீர், சாய்ந்துகொண்டே போகும் கம்பம். இவற்றில் ஒன்றைப் பார்த்தால் வண்டியை ஒதுக்கி நிறுத்திவிட்டு நகராட்சிக்கு ஒரு போன் போடுங்கள். "பார்க்கறோங்க" என்பார்கள். மறுநாளும் போடுங்கள். யாராவது வந்து இரண்டு செங்கல்லும் ஒரு வேப்பங்கொத்துமாவது நட்டுவிட்டுப் போவார்கள். இருட்டில் டூவீலரில் வருகிறவனுக்கு அந்த வேப்பங்கொத்து போதும்.